அட்டையில் ஏறிய பிழை

நெய்துகொண்டிருக்கும் பட்டுச் சேலையில் ஒரு குறை கண்ணில் பட்டால் தாராசுரத்துத் தறிக்காரர் உடனே அதைச் சரிசெய்ய இறங்கிவிடமாட்டார். சுருட்டியிருப்பதைக் கொஞ்சம் பிரித்து, அதே குறை முன்னால் எங்காவது விழுந்திருக்கிறதா என்று தேடுவார். ஓரிடத்தில் மட்டும்தான் என்றால் கை தவறியிருக்கிறது, இல்லை ஊடை இழையில் ஏதோ சிக்கு. நீளவாக்கில் கோடு இழுத்த மாதிரி வந்துகொண்டே இருந்தால் பாவில் இழை அறுந்திருக்கிறது, அல்லது மேலே ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி தூக்காமல் நிற்கிறது. கரையில் வரிசையாகப் போகும் அன்னங்களில் ஒவ்வோர் அன்னத்துக்கும் அதே இடத்தில், கண் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு புள்ளி இல்லையென்றால் விவகாரம் தறியிலேயே இல்லை. அட்டை அடித்தவர் ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்.

இந்தக் கடைசி வகைக் குறையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தறியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. என் பிழைப்பு மென்பொருள். அதிலும் மென்பொருளை எழுதுகிற வேலை இல்லை, மற்றவர்கள் எழுதியதைப் பயன்படுத்துகிறவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஊரில் இதை விளக்குவது பெரும்பாடு. ‘கம்ப்யூட்டர்ல என்ன தம்பி பண்றே?’ என்று கேட்கும் பெரியவர்களிடம் ‘டெலிவரி’ என்றால், ‘எந்தக் கூரியர்?’ என்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தாராசுரம் என்றால் ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியது; 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. வேனில் வந்து இறங்குகிறவர்கள் கல்தேர் மண்டபத்தையும், யானைக்கும் காளைக்கும் ஒரே தலை செதுக்கிய சிற்பத்தையும் படம் எடுத்துக்கொண்டு, அரசலாற்றைத் தாண்டிக் கும்பகோணத்துக்குக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். சுற்றுத் தெருக்களில் கால் வைத்தால்தான் இது தறி ஊர் என்பது காதில் விழும். சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே பட்டு நெய்கின்றன. 2021இல் ஊர் கும்பகோணம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. தறிச் சத்தம் முன்பைவிடக் குறைவு, ஆனால் நிற்கவில்லை. என் வேலைக்கு அந்தச் சத்தம்தான் பின்னணி. கூட்டத்தில் பேசும்போது சென்னையிலிருந்து யாராவது ‘உங்க பக்கம் ஏதோ இடிக்குது’ என்பார்கள்.

அட்டையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்வது புரியும். கட்டம் போட்ட தாளில் முதலில் டிசைன் வரைகிறார்கள். ஒரு கட்டம் ஓர் இழை. தாளின் ஒரு வரிசை, நாடா ஒருமுறை குறுக்கே ஓடுவதற்குச் சமம். அந்த ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. சாயம் பூசிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை, வெறும் கட்டத்துக்கு ஓட்டை இல்லை. நூறு இருநூறு அட்டைகளை வரிசை மாறாமல் கயிற்றால் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு இணைத்து, மாலையாகத் தறிக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். குழியில் உட்கார்ந்திருப்பவர் மிதியை அழுத்தும்போது மேலே ஓர் அட்டை ஊசி வரிசையில் போய் முட்டும். ஓட்டைக்கு நேரே உள்ள ஊசி உள்ளே நுழைந்துகொள்ளும், அதன் கொக்கி இருந்த இடத்திலேயே நிற்கும், ஏறி வரும் இரும்புப் பட்டை அதைத் தூக்கும், இழை எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகிவிடும், இழை கீழேயே கிடக்கும். அவ்வளவுதான் சங்கதி. எழு, கிட. அன்னமும் மயிலும் ருத்ராட்சமும் இந்த இரண்டு கட்டளையில் பிறக்கின்றன.

பிரான்சின் லியோன் நகரத்துக்காரரான ஜக்கார்டு இந்தப் பெட்டியை முழுமைப்படுத்தியது 1804இல். அவருக்கு முன்பே 1725இல் பூஷோன் ஓட்டைபோட்ட காகிதச் சுருளை முயன்றிருக்கிறார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் அதை அட்டைகளாக்கினார். அதற்கெல்லாம் முன்னால் தறியின் அருகே ஒரு பையன் நின்று, எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்று மனப்பாடமாக வைத்திருந்து இழுத்துக்கொண்டிருந்தான். அட்டை வந்ததும் பையனுக்கு வேலை போயிற்று. அவன் தலைக்குள் இருந்தது அட்டைக்கு இடம்மாறியது. 1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள், 24,000 அட்டை வைத்து. லண்டனில் சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டி, வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார். தன் கணக்கிடும் எந்திரத்துக்கும் அட்டைதான் என்று தீர்மானித்திருந்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டையில் எண்ணி முடித்தார். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 கணினியில் மாணவர்கள் நிரலை அட்டையில் அடித்து, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருந்தார்கள். மென்பொருளுக்கும் தறிக்கும் உறவு உண்டு என்று நான் கவித்துவமாக எதையும் கற்பிக்கவில்லை. பத்திரப்படி ஒரே வம்சம்.

இனி என் வேலை. ஒருவர் நிரலில் நான்கு வரி மாற்றுகிறார். அந்த மாற்றம் வாடிக்கையாளரின் கைபேசியில் தெரிவதற்கு முன், நிரலை எடுத்துவர வேண்டும், அது சார்ந்திருக்கும் மற்ற நிரல்களைச் சேர்க்க வேண்டும், தொகுக்க வேண்டும், சோதனைகளை ஓட்ட வேண்டும், பொதி கட்ட வேண்டும், ஒத்திகைச் சர்வரில் ஏற்றிப் பார்க்க வேண்டும், பிறகு நிஜச் சர்வர்களில் ஏற்ற வேண்டும். இந்த வரிசைக்குத்தான் பைப்லைன் என்று பெயர். வரிசையை ஒரு கோப்பில் எழுதி, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் முதலிலிருந்து கடைசிவரை தானாக ஓடும். நடுவில் ஒரு படி தோற்றால் அங்கேயே நிற்கும். நான் எழுதுவது அந்தக் கோப்பை. என்னிடம் இருக்கும் கருவி அந்தக் கட்டளை.

பைப்லைன் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதை பழையது. பெல் ஆய்வகத்தில் டக் மக்கில்ராய் 1964இல் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்து ரப்பர் குழாயில் இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்க்கிறோமே, அப்படி ஒரு நிரலை இன்னொரு நிரலோடு சேர்க்க வழி வேண்டும் என்று. ஒன்பது ஆண்டு கழித்து, 1973இல், கென் தாம்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸில் செய்து கொடுத்தார். அடுத்து அதே ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அவருடைய நண்பர் ஒருவர் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடி அலைந்திருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்தியிருந்தார், திருத்தியதைத் தொகுக்க மறந்திருந்தார். திருத்தாத பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலில் பிறந்தது 1976இன் ‘மேக்’: எது எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால் மாறியதை மட்டும் தானே தொகுத்துக்கொள்ளும் கட்டளை. ஐம்பது ஆண்டாகியும் நாங்கள் அதைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதன் கோப்பில் சில வரிகள் டேப் இடைவெளியில் தொடங்கியே ஆகவேண்டும், வெற்று இடைவெளி கூடாது என்றொரு கிறுக்கு விதி இன்னும் இருக்கிறது. அது தவறு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டதாம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். அட்டையில் ஏறிவிட்ட பிழைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இடையில் ஒரு காலம் எல்லாவற்றையும் சொடுக்கிச் செய்தோம். கோசுகே கவாகுச்சி என்பவர் சன் நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கி, 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய கருவி உலகம் முழுக்கப் பரவியது. இணையப் பக்கத்தில் பெட்டிகளை நிரப்பி, டிக் அடித்து, சேமி என்று சொடுக்கினால் பைப்லைன் தயார். சுலபம்தான். ஆனால் அந்த டிக்குகள் எல்லாம் எங்கோ ஓர் அறையில் உள்ள ஒரே கணினியில் இருந்தன. யார், எப்போது, எதற்காக அந்த டிக்கை அடித்தார் என்பதற்குச் சுவடே இல்லை. அதை அமைத்தவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் மிச்சமிருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயப்படுவார்கள். 2016இல் ஜென்கின்ஸின் இரண்டாம் பதிப்பு, பைப்லைனைக் கோப்பாக எழுதி நிரலோடு சேர்த்தே வைக்கும் வழக்கத்தை முன்னால் கொண்டுவந்தது. கயிறிழுத்த பையனின் தலையிலிருந்து அட்டைக்குப் போன பயணம் மறுபடி ஒருமுறை நடந்தது.

அதிலும் ஒரு தொல்லை மிஞ்சியது. கோப்பு நம்மிடம், அதை ஓட்டுகிற எந்திரம் வேறெங்கோ. ஒரு வரியை மாற்றி, அனுப்பி, பத்து நிமிடம் காத்திருந்து, தோற்று, இன்னொரு வரி மாற்றி, அனுப்பி. எந்த நிறுவனத்தின் மாற்றக் குறிப்புகளைப் புரட்டினாலும் ‘திருத்தம்’, ‘மறுபடி திருத்தம்’, ‘இது கடைசித் திருத்தம்’, ‘இதுவாவது’ என்று வரிசையாக ஒரு புலம்பல் கிடக்கும். கட்டளை வரிக் கருவிகளின் மேல் எனக்குப் பிரியம் வந்தது இங்கேதான். தொலைவில் ஓடப்போகும் அதே வரிசையை என் கணினியில், என் கண்முன், அனுப்புவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம். எந்தப் படியில் நின்றது, நிற்கும்போது என்ன சொன்னது என்பதெல்லாம் வரிவரியாகத் திரையில் இருக்கும். அட்டை மாலையைத் தறியில் ஏற்றுமுன் தரையில் விரித்து, கட்டத்தாளோடு ஒப்பிட்டு, விரலால் ஓட்டைகளைத் தடவிப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

தானியங்கியாக்கினால் பிழை குறையும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. கை செய்கிற பிழைக்கு ஒழுங்கு கிடையாது; இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. எழுதி வைத்த வரிசை செய்கிற பிழை ஒவ்வொரு முறையும், அதே இடத்தில், அதே அளவில் வரும். பிழையின் எண்ணிக்கை கூடக்கூட அதன் உருவம் துலங்கும். அன்னத்துக்கு அன்னம் கண் இல்லாமல் போனதால்தான் குற்றம் அட்டையில் என்று குழியில் இருந்தபடியே சொல்ல முடிகிறது. பைப்லைன் தரும் லாபம் எனக்கு இந்த ஒழுங்குதான். வேகம் அதற்கு அடுத்தது. பத்தில் மூன்று முறை மட்டும் தோற்கும் சோதனைகள் எங்கள் தொழிலில் உண்டு. எல்லோரும் சபிப்பது அவற்றைத்தான். பத்துக்குப் பத்தும் தோற்கும் சோதனையை மதியச் சாப்பாட்டுக்கு முன் சரிசெய்துவிடலாம்.

ஒழுங்கில்லாத பிழை என்ன செய்யும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நடந்தது போதும். நைட் கேப்பிட்டல் என்ற பங்குவணிக நிறுவனம் எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. கையால்தான் ஏற்றினார்கள். ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏற்ற விட்டுப்போயிற்று. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை. அந்த எட்டாவதில் பல ஆண்டு முன்பே கைவிட்ட ஒரு பழைய நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. புதிய நிரலுக்காக வைத்த அடையாளமும் அந்தப் பழையதை எழுப்பும் அடையாளமும் ஒன்றாகிப்போயின. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் பங்குகளைக் கண்டபடி வாங்கவும் விற்கவும் தொடங்கியது. திறப்பதற்கு முன்பே 97 மின்னஞ்சல்களில் எச்சரிக்கை வந்திருக்கிறது, யாரும் அதை எச்சரிக்கையாகப் படிக்கவில்லை. இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைப் பல இரவு யோசிக்க வைத்தது. பிழை எங்கே என்று தெரியாமல், புதிய நிரல்தான் காரணம் என்று முடிவுகட்டி, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது எட்டும் தவறானவை. சுமார் 45 நிமிடம். நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் அடுத்த ஆண்டே இன்னொன்றோடு இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது.

பிரித்து நெய்வதிலும் இந்தக் கண்ணி இருக்கிறது. நாலு ஊடையைப் பிரித்தெடுத்தால் மேலே அட்டை மாலையையும் நாலு அட்டை பின்னுக்குச் சுற்ற வேண்டும். துணியை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோய் அட்டையை விட்டுவிட்டால் அன்னத்தின் கழுத்துக்குப் பதில் கால் முளைக்கும். எங்கள் தொழிலில் பழைய நிலைக்குத் திரும்புவதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், ஒரு கட்டளைதானே என்று. நிரல் திரும்பிவிடும். நிரல் மாறியிருந்தபோது தரவுத்தளத்தில் எழுதப்பட்டவை திரும்பாது.

ஒழுங்கான பிழைக்கு வேறு ஆபத்து. அது எவ்வளவு தூரம் போகும் என்பது. 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறு கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. அதில் ஒரு வார்ப்புரு 21 புலங்களை எதிர்பார்த்தது. அதற்குத் தகவல் ஊட்டும் நிரல் கொடுத்தது 20. அதுவரை அனுப்பிய கோப்புகளில் 21ஆவது இடத்தில் ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்ற குறி இருந்ததால் எந்தச் சோதனையிலும் இது தட்டுப்படவில்லை. அன்றைக்கு அனுப்பிய கோப்புதான் முதன்முறையாக அந்த 21ஐ உண்மையாகவே கேட்டது. 20 ஊசிப் பெட்டிக்கு 21 ஓட்டை அட்டை. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு உட்கார்ந்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாக் கணினியிலும் ஒரே பிழை, ஒரே இடத்தில். ஆகவே சில மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிட்டது. நைட்டின் எட்டாவது சர்வரைப் போல யாரும் தவறான கதவைத் தட்டவில்லை. ஆனால் காரணம் தெரிந்த பிறகும், ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் போய் நின்று அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கிற பழக்கம் நிரலுக்கு இருந்தது, இந்த வகைக் கோப்புக்கு இல்லை. இது நிரல் இல்லையே, வெறும் தகவல்தானே என்று நினைத்திருப்பார்கள். புதிய அட்டை ஏறிய தறியில் முதல் சாண் துணியைப் பார்க்காமல் முழுச் சேலைக்கும் மிதிக்கிறவர் உண்டா என்று தெரியவில்லை.

பிழைக்கு உருவம் உண்டு என்ற எண்ணத்தை நான் தறியிலிருந்தும் திரையிலிருந்தும் மட்டும் பெறவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கும்பகோணம் கல்லூரியில், 1880 முதல் 1903 வரை உ.வே. சாமிநாதையர் வேலை பார்த்தார். முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கி, ஊர் ஊராக ஏடு தேடி, ஒப்புநோக்கி, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் முன்னால் இருந்த ஏடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். இத்தோடு, ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்களின் கைப்பிழை. ஆனால் பல ஏடுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்குப் பிழையே வழிகாட்டி. மூன்று ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே சொல் ஒரே மாதிரி சிதைந்திருந்தால் அந்த மூன்றும் தனித்தனிச் சாட்சிகள் ஆகா. மூன்றுக்கும் தாய் ஒன்று, சிதைவு அந்தத் தாயிலேயே நேர்ந்தது. உலகம் முழுக்கப் பதிப்பாசிரியர்கள் கடைப்பிடிக்கிற முறை இது. அன்னத்தின் கண்ணைத் தேடுகிற அதே பார்வை.

நம் காலத்தில் இதற்கொரு தொடர்ச்சி இருக்கிறது, அதுவும் கட்டளை வரியில். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் மின்வருடல்களைத் தந்தபோது, தமிழ் விக்கிமூலத்தின் கையில் படங்களாகப் பக்கங்கள் மலையாகக் கிடந்தன. தட்டச்சு செய்ய ஆளில்லை. கணியம் இதழை 2012இல் தொடங்கியவர்களில் ஒருவரான த. சீனிவாசன் ஒரு பைத்தான் நிரல் எழுதினார். கட்டளை கொடுத்தால் அது நூலை இறக்கும். பக்கம் பக்கமாகப் பிரிக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கூகுள் டிரைவுக்கு அனுப்பி எழுத்துணரச் செய்யும். வந்த உரையைக் கோப்பாக்கும். இன்னொரு கட்டளை அதை விக்கிமூலத்தில் உரிய பக்கத்தில் ஏற்றும். பெயரில்தான் பைப்லைன் இல்லை. இராத்திரி ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் ஒரு புத்தகம். இதை நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன். எங்கள் நிறுவனங்களில் கோடி செலவழித்துச் செய்கிற பலவற்றைவிட.

அப்படி வந்த உரையில் பிழை இல்லாமலா? எழுத்துணரிகளுக்குத் தமிழில் தடுக்கி விழுகிற இடம் ரகரமும் காலும். ‘மரம்’ என்றிருந்தால் ‘மாம்’ என்று படித்துவிடும். ஓலை எழுதியவர்கள் விட்டுச்சென்ற அதே குழப்பம் எந்திரத்துக்கும் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தேன். ஆனால் எந்திரம் இந்தத் தவறை ஒழுங்காகச் செய்கிறது. ஒரு நூலில் ஒருமுறை கண்டுபிடித்தால், அதே வார்ப்பெழுத்தில் அச்சான நூல்களுக்கெல்லாம் ஒரு மாற்று விதி எழுதி இன்னொரு படியாகப் பைப்லைனில் செருகலாம். களைத்துப்போன ஒரு மனிதர் நள்ளிரவில் ஒரு வரியைத் தாண்டித் தட்டச்சு செய்திருந்தால் அதற்கு விதி கிடையாது. மூலத்தோடு வைத்துப் படித்தால்தான் உண்டு. அதனால்தான் விக்கிமூலத்தில் எந்திரம் முடித்த பிறகும் பக்கத்துக்குப் பக்கம் மெய்ப்புப் பார்க்கும் மனிதர்கள் இருக்கிறார்கள், கூலி வாங்காமல்.

கூலி என்றதும் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் விபத்துக்குப் பிறகு ‘யார் செய்தது’ என்று கேட்கக்கூடாது, ‘எப்படி நடந்தது’ என்றுதான் கேட்க வேண்டும் என்றொரு நல்ல வழக்கம் சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. காகிதத்தில் எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. நடப்பில், கடைசிக் கட்டளையைத் தட்டியவர் பெயர் பதிவேட்டில் நேரத்தோடு இருக்கும். அவர் பெரும்பாலும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளையாக இருப்பார், ஏனென்றால் இராத்திரி முறை அவர்களுக்குத்தான். பைப்லைன் கோப்பு எழுத்தில் இருப்பதன் பெரிய உபயோகம் அங்கே தெரியும். இந்தப் படி மூன்று வாரமாகவே தவறு, இன்னார் இன்ன காரணத்துக்காக மாற்றியது, நான் தட்டிய நாளில் வெளியே தெரிந்தது, அவ்வளவே என்று அந்தப் பிள்ளை எடுத்துக் காட்ட முடியும். சொடுக்கிச் செய்த காலத்தில் அப்படிக் காட்ட ஒன்றும் இருந்ததில்லை.

தறியில் கணக்கு இன்னும் கறார். பாவும் ஊடையும் கொடுக்கிறவர் முதலாளி, நெய்கிறவருக்குக் கூலி, குறை இருந்தால் கூலியில் பிடித்தம். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருமுறை சொன்னார். புது டிசைனில் முதல் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கரையில் குறை என்று பிடித்துவிட்டார்கள். இரண்டாவது சேலையிலும் அதே குறை. இந்தமுறை அவர் பிடித்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சேலையை அங்கேயே பாயில் விரித்து, ஒரு பூவின் குறையிலிருந்து அடுத்த பூவின் குறைவரை விரலால் அளந்து காட்டியிருக்கிறார்.

“எங்கை தப்புன்னா ஓரெடத்துல இருக்கணும் மொதலாளி. இது பூவுக்குப் பூ இருக்கு. சாணு மாறல பாருங்க. அட்டை அடிச்சவர கூப்புட்டுக் கேளுங்க.”

கூப்பிட்டுக் கேட்டார்கள். ஓர் ஓட்டை விட்டுப்போனது உண்மைதான். அட்டையைப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள், இரண்டாவது சேலைக்குப் பிடித்ததையும் கொடுத்துவிட்டார்கள். முதல் சேலைக்குப் பிடித்தது பிடித்ததுதான். அதை முதல் பூவிலேயே அவர் பார்த்திருக்க வேண்டுமாம்.